பெர்மிட் இல்லாத 27 மாதம்: ஒரு கூலி பாக்கி வழக்கு

பட்டுக்கோட்டைக்கும் முத்துப்பேட்டைக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தைச் சேர்ந்த தென்னைத் தொழிலாளி ஒருவர், 2022 ஆகஸ்ட் முதல் 2024 அக்டோபர் வரை மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் ஓர் உணவகத்தில் வேலை பார்த்தார். அவருக்கு வேலை பெர்மிட் கிடையாது. பாஸ்போர்ட் முதலாளியின் மேசை இழுப்பறையில் கிடந்தது. பேசிய சம்பளத்தில் பாதிகூடக் கைக்கு வரவில்லை. கடைசியில் அந்நாட்டு அரசு அறிவித்த பொதுமன்னிப்புத் திட்டத்தில் அபராதம் கட்டிவிட்டு ஊர் திரும்பினார். அவருக்காக மனுக்கள் எழுதிய வழக்கறிஞர் என்ற முறையில், அவர் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் சொல்லவில்லை.

முதல் முறை என்னிடம் வந்தபோது அவரைவிட அவர் மனைவிதான் அதிகம் பேசினார். கேட்டது ஒரே கேள்வி: "இல்லாத பெர்மிட்டுக்கு எந்தக் கோர்ட்டுங்க மேடம் கூலி வாங்கித் தரும்?" டெல்டாவில் இப்படித் திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர். அவர்களில் பெரும்பாலோர் எந்த வக்கீலிடமும் போவதில்லை. தப்பான வழியில் போனோம், தப்பித்து வந்ததே பெரிது, இனி வாயைத் திறந்தால் நம்மேல்தான் கேஸ் வரும் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இந்த ஒதுங்கல்தான் முதலாளிக்கும் ஏஜென்டுக்கும் கிடைக்கும் பெரிய லாபம். குடியேற்றச் சட்டத்தை மீறியது ஒரு விஷயம், செய்த வேலைக்குக் கூலி வரவேண்டியது வேறொரு விஷயம். முதலாவது நடந்துவிட்டதால் இரண்டாவது அழிந்துபோகாது.

போன வழி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. பேராவூரணி, பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. தோப்பு உடையவர்களுக்கு மரத்துக்கு இவ்வளவு என்று நிவாரணம் வந்தது. தேங்காய் வெட்டுக்கு மரம் ஏறியவர்களுக்கும் மட்டை உரித்தவர்களுக்கும் மரமே தொழில், மரம் போனதும் தொழில் போயிற்று. புதுக்கன்று வைத்தாலும் காய்க்க ஐந்தாறு வருடமாவது ஆகும். அதுவரை என்ன சாப்பிடுவது?

இவர் எட்டாம் வகுப்பு. அதனால் அவர் பாஸ்போர்ட் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகை. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் மலேசியா, வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலரின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதலோடு போகிறவருக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கும், 10 லட்சம் ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீடு இருக்கும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று உச்சவரம்பு உண்டு.

சுற்றுலா போகிறேன் என்று சொன்னால் இந்த ஒப்புதல் எதுவும் தேவையில்லை. ஏஜென்டுகள் நுழைவது இந்தச் சந்தில்தான். பக்கத்து ஊரில் ஜெராக்ஸ் கடையோடு டிக்கெட் போடும் தொழிலும் செய்த ஒருவர், "டூரிஸ்ட்ல போயிருங்க, அங்க போனதும் முதலாளி பெர்மிட் அடிச்சுக் குடுத்துருவாரு" என்றார். 1,30,000 ரூபாய் கேட்டார். மனைவியின் நகை அடகுக்குப் போனது, மகளிர் குழுக் கடன் எடுத்தார்கள், மிச்சத்துக்கு அஞ்சு வட்டி. ரசீது கிடையாது. திரும்பி வரும் டிக்கெட்டும் ஒரு ஓட்டல் முன்பதிவுத் தாளும் கையில் கொடுத்து, திருச்சி விமான நிலையத்தில் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்ய வைத்தார்கள். சுற்றுலா விசாவில் போனவர் அங்கேயே வேலைப் பெர்மிட்டுக்கு மாறுவது வழக்கமான வழியில் நடக்காத காரியம். அது ஏஜென்டுக்குத் தெரியும். இவருக்குத் தெரியாது.

டெல்டாவுக்கு மலாயாப் பயணம் புதிதல்ல. நாகப்பட்டினம் துறையிலிருந்து பினாங்குக்குக் கப்பல் போன காலத்தில் கங்காணி ஆள் சேர்த்தார், முன்பணம் கொடுத்தார், அந்த முன்பணமே கழுத்துக்குக் கயிறானது. உதவித்தொகை கொடுத்துக் கூலியாட்களை மலாயாவுக்கு அனுப்புவதை 1938-இல் அன்றைய இந்திய அரசே நிறுத்தியது, அங்கே கூலியைக் குறைத்ததற்கு எதிராக. கூலிக்காக ஓர் அரசு ஆள் அனுப்புவதையே நிறுத்திய அந்த முன்மாதிரி இன்று யார் நினைவிலும் இல்லை.

வேலையும் கணக்கும்

பேசிய சம்பளம் மாதம் 1,500 வெள்ளி. மலேசியாவில் ரிங்கிட்டை நம் ஆட்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். 2022 மே 1 முதல் அவர் அங்கே இருந்த காலம் முழுவதும் குறைந்தபட்சக் கூலியும் அதே 1,500 வெள்ளியாகத்தான் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அதாவது முதலாளி வாக்களித்தது தாராளமான தொகை ஒன்றும் இல்லை, சட்டத்தின் அடிமட்டம்.

காலை 10 மணிக்கு அடுப்பு மூட்டினால் இரவு 11, 12 வரை வேலை. வந்து சேர்ந்த வாரமே பாஸ்போர்ட்டை "பெர்மிட் போடணும்" என்று வாங்கிக்கொண்டார்கள். முதல் 12 மாதம் கையில் 1,000 வெள்ளி. 300 பெர்மிட்டுக்கு, 200 அறைக்கு என்று பிடித்தம். அடுத்த 7 மாதம் 800. வியாபாரம் சரியில்லை என்று காரணம். கடைசி 8 மாதம் சம்பளமே இல்லை, கைச்செலவுக்கு மாதம் 100 வெள்ளி மட்டும். 27 மாதத்துக்கு வரவேண்டியது 40,500. வந்தது 18,400. பாக்கி 22,100 வெள்ளி, வெள்ளிக்கு 18 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 4 லட்ச ரூபாய். இதில் மிகைநேரக் கூலி சேரவில்லை. 2023 ஜனவரி 1 முதல் மலேசியாவில் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு தர வேண்டும். அதையும் போட்டால் தொகை எங்கோ போகும்.

இந்தக் கணக்கை எப்படி நிறுவுவது? சம்பளச் சீட்டு இல்லை. வங்கிக் கணக்கு இல்லை, ஏனென்றால் பெர்மிட் இல்லாதவருக்குக் கணக்கு திறக்க முடியாது. வீட்டுக்குப் பணம் வந்தது உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆள் மூலம் கைமாறும் வழியில். சாயங்காலம் யாரோ ஒருவர் வண்டியில் வந்து பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். உண்டியலே சட்டத்துக்குப் புறம்பானது என்பதால் போலீஸ் என்றாலே வீட்டில் எல்லாருக்கும் பயம்.

ஆனால் அவரிடம் ஒரு 40 பக்க நோட்டு இருந்தது. எண்ணெய் பிசுக்கேறி ஓரங்கள் பழுப்பாகிப்போன நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, எத்தனை மணிக்கு அடுப்படியில் நின்றார், எத்தனை மணிக்குப் படுத்தார், வாங்கிய காசு. யாரும் சொல்லி எழுதவில்லை. ஊரில் மரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர், ஏறிய மரத்தைக் குறித்து வைத்த பழக்கம். அதோடு முதலாளி வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகள்: "அடுத்த மாசம் மொத்தமா சேத்துத் தந்துர்றேன்பா, கோச்சுக்காத." நோட்டில் உள்ள தேதிகளையும் குரல் பதிவுகளின் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு அட்டவணை போட்டோம். சமையலறையில் அவர் எடுத்த படங்களில் பின்னால் மாட்டியிருந்த நாட்காட்டியும் உதவியது.

2023-இல் கொதி எண்ணெய் கொட்டி இடது முன்கை வெந்தது. அரசு மருத்துவமனைக்குப் போகவில்லை. ஆவணமில்லாத வெளிநாட்டவர் சிகிச்சைக்கு வந்தால் தகவல் சொல்ல வேண்டும் என்று மலேசிய சுகாதார அமைச்சகத்தின் 2001-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை இருக்கிறது. சுற்றறிக்கை எண்ணெல்லாம் அவருக்குத் தெரியாது. போனால் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்பது கூட இருந்த எல்லாருக்கும் தெரியும். மருந்துக் கடைக் களிம்போடு ஆறிய தழும்பு அது, இன்னும் அந்தக் கையால் மரத்தை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை.

உலகச் சட்டம் சொல்வது

எல்லாப் புலம்பெயர் தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்குமான ஐ.நா. உடன்படிக்கை 1990 டிசம்பர் 18 அன்று ஏற்கப்பட்டு 2003 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 25-ஆம் பிரிவு இந்த வழக்குக்கென்றே எழுதியது போல இருக்கும். கூலியிலும் வேலை நிபந்தனையிலும் உள்நாட்டவருக்குச் சமமாக நடத்த வேண்டும். தங்கியிருப்பதிலோ வேலையிலோ முறைகேடு இருக்கிறது என்பதைக் காட்டி அந்த உரிமையைப் பறிக்கக் கூடாது. முதலாளியின் கடமையும் அதனால் குறையாது. 21-ஆம் பிரிவு அடையாள ஆவணங்களைப் பறிமுதல் செய்வதைத் தடுக்கிறது. 28-ஆம் பிரிவு, முறைகேடான நிலையில் இருப்பவருக்கும் அவசர சிகிச்சையை மறுக்கக் கூடாது என்கிறது. நாடு கடத்தப்படுபவர் கூலிக் கணக்கைத் தீர்த்துக்கொள்ள, போகும் முன்போ போன பின்போ, நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது 22-ஆம் பிரிவு. போன பின்பும் என்பதுதான் இங்கே முக்கியம்.

இவ்வளவு தெளிவான உடன்படிக்கையில் மலேசியா சேரவில்லை. இந்தியாவும் சேரவில்லை. கோடியக்கரைக்கு எதிர்க்கரையில் இருக்கும் இலங்கை 1996-லேயே சேர்ந்துவிட்டது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, வங்கதேசம் எல்லாம் உள்ளே இருக்கின்றன. வெளிநாட்டில் வேலை செய்யும் தன் மக்கள் அனுப்பும் பணத்தில் உலகிலேயே முதலிடத்தில் இருக்கும் நாடு, அந்த மக்களுக்கான உடன்படிக்கையில் கையெழுத்துப் போடாமல் இருப்பது எனக்கு வருத்தமாகவும் கோபமாகவும் இருக்கிறது. நாமே ஏற்காத ஒன்றை மலேசியாவிடம் நீட்டிக் கேட்க முடியாது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 143-ஆவது உடன்படிக்கை, 1975-இல் வந்தது. முறைப்படுத்தப்படாத நிலையில் இருந்தவருக்கும் ஏற்கெனவே செய்த வேலையின் கூலி, சமூகப் பாதுகாப்பு, பிற பலன்களில் சம உரிமை உண்டு என்று அதன் 9-ஆம் பிரிவு சொல்கிறது. அதிலும் இரு நாடுகளும் இல்லை. இரண்டு நாடுகளும் சேர்ந்திருப்பவை சில உண்டு. கட்டாய உழைப்பு பற்றிய 29-ஆவது உடன்படிக்கை ஒன்று. அதன் 2014 நெறிமுறையையும் மலேசியா 2022-இல் ஏற்றுக்கொண்டது. சம்பளத்தைப் பிடித்து வைத்தல், ஆவணத்தைப் பிடித்து வைத்தல், பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்ற மிரட்டல் ஆகியவற்றைக் கட்டாய உழைப்பின் அடையாளங்களாக அந்த அமைப்பு பட்டியலிட்டிருக்கிறது. மூன்றும் இந்த வழக்கில் இருந்தன. இன்னொன்று 1925-ஆம் ஆண்டின் 19-ஆவது உடன்படிக்கை: வேலையிடத்து விபத்தில் இழப்பீடு தருவதில், உடன்படிக்கையை ஏற்ற மற்ற நாட்டுக் குடிமக்களை வேறுபடுத்தக் கூடாது. இந்தியா அதை 1927-லேயே ஏற்றது, தீபகற்ப மலேசியாவுக்கும் அது பொருந்தும். வெந்த கைக்கு நாங்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். 2019 முதல் மலேசியாவின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சேர்க்கப்பட்டார்கள், ஆனால் முறையான பெர்மிட் உள்ளவர்கள் மட்டுமே. அதனால் அந்தக் கோரிக்கை பலவீனமானது, அதை அவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

இந்தக் கேள்வி மற்ற நாட்டு நீதிமன்றங்களில் எப்படிப் போயிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் முதலாளித் தரப்பு அமெரிக்கத் தீர்ப்பைத்தான் தூக்கிக்கொண்டு வரும். ஹாஃப்மன் பிளாஸ்டிக் வழக்கில் 2002 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தொழிலாளிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தொழிற்சங்கத்தில் ஈடுபட்டதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் அவர், ஆவணமில்லாதவர். நீக்கியது சட்டவிரோதம் என்றாலும், இடைப்பட்ட காலத்துக்கான சம்பளம், ஏறத்தாழ 67,000 டாலர், அவருக்குத் தர முடியாது என்றார்கள். இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அங்கே மறுக்கப்பட்டது செய்யாத வேலைக்கான சம்பளம். செய்து முடித்த வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி தர வேண்டும் என்பதை அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் அமெரிக்கத் தொழிலாளர் துறை விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தத் தீர்ப்பு வந்த சூட்டோடு மெக்சிகோ, அமெரிக்கக் கண்ட நாடுகளுக்கிடையேயான மனித உரிமை நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டது. 2003 செப்டம்பர் 17 அன்று வந்த 18-ஆவது ஆலோசனைக் கருத்து தெளிவாகப் பேசியது: ஒரு நாடு ஆவணமில்லாதவரை வேலைக்கு எடுக்க மறுக்கலாம், எடுத்துவிட்டால் அவர் தொழிலாளி, தொழிலாளிக்குரிய எல்லா உரிமையும் அவருக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி இறங்கி வந்து நடைமுறையைப் பார்த்தது. 2009-ஆம் ஆண்டு நெறிமுறையின்படி, சட்டவிரோதமாக ஆள் வைத்திருந்த முதலாளி பாக்கிச் சம்பளத்தைத் தர வேண்டும். எவ்வளவு காலம் வேலை செய்தார் என்பதில் தகராறு வந்தால், குறைந்தது மூன்று மாதம் செய்தார் என்றே கொள்ள வேண்டும், மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். சம்பளச் சீட்டே இல்லாத ஆளுக்கு இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய துணை என்பது, எண்ணெய் நோட்டை வைத்து அட்டவணை போட்டவர்களுக்குத்தான் தெரியும்.

மலேசியச் சட்டத்துக்குள்

இரண்டு சட்டங்கள் எதிரெதிரே நிற்கின்றன. குடியேற்றச் சட்டப்படி விசாக் காலம் தாண்டித் தங்கியவருக்கு 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அதே சட்டத்தின் 55பி பிரிவு முதலாளியையும் பிடிக்கிறது: ஆள் ஒன்றுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்னொரு பக்கம் 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம். தொழிலாளி யார் என்று அது சொல்லும்போது விசாவைப் பற்றிப் பேசவில்லை. வேலை ஒப்பந்தம் செய்தவர் தொழிலாளி, அவ்வளவுதான். ஒப்பந்தம் வாய்மொழியாகவும் இருக்கலாம். சம்பள பாக்கிக்கு 69-ஆம் பிரிவின்கீழ் தொழிலாளர் துறையில் புகார் தரலாம். சட்டம் அனுமதிக்காத பிடித்தம் செல்லாது. கட்டாய உழைப்பு 2023 முதல் அதே சட்டத்தில் தனிக் குற்றம். பிறர் பாஸ்போர்ட்டை அதிகாரமில்லாமல் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம்.

சட்டவிரோத ஒப்பந்தம் செல்லாது, அதனால் கூலியும் இல்லை என்பார்களே? மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் நம் 1872-ஆம் ஆண்டு சட்டத்தின் அச்சில் வந்தது. சட்டவிரோத நோக்கமுள்ள ஒப்பந்தம் செல்லாது என்ற நம் 23-ஆம் பிரிவு அங்கே 24. ஒப்பந்தம் செல்லாது என்றான பிறகு, பெற்ற பலனைத் திருப்பித் தர வேண்டும் என்ற நம் 65 அங்கே 66. இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை அனுபவித்தவர் ஈடு தர வேண்டும் என்ற நம் 70 அங்கே 71. எதிர்த்தரப்பு இதிலும் ஓட்டை தேடும். ஆனால் பெர்மிட் வாங்கித் தருவதாகச் சொல்லி அதற்கென்று மாதம் 300 வெள்ளி பிடித்தவர், பெர்மிட் இல்லை என்பதையே தன் கேடயமாக்கிக்கொள்வதை எந்த நீதிபதி ஏற்பார்?

ஆக, தாளில் வழி இருக்கிறது. நடைமுறையில் அந்த வழியை அடைப்பது பயம். புகார் கொடுக்கப் போனால் அங்கேயே பிடிபடலாம். வழக்கு நடக்கும்வரை தங்க மாதத்துக்கு 100 வெள்ளி கட்டி வாங்கும் சிறப்பு அனுமதி ஒன்று உண்டு, அதை வைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது. சம்பளம் வராதவர் எதைச் சாப்பிட்டு வழக்கு நடத்துவார்?

2024 மார்ச் 1 முதல் டிசம்பர் 31 வரை நடந்த திரும்பிச் செல்லும் திட்டத்தில், காலம் தாண்டித் தங்கியவர்கள் 500 வெள்ளி கட்டி, வழக்கில்லாமல் ஊர் போகலாம் என்றார்கள். 2019-இல் இதே மாதிரித் திட்டத்தில் 700 வெள்ளி வாங்கினார்கள். இவர் இந்தியத் தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் எடுத்து, கூட வேலை பார்த்தவர்கள் வசூலித்துக் கொடுத்த காசில் டிக்கெட் போட்டு நவம்பரில் வந்தார். அபராதம் கட்டிய இடத்தில், உங்களுக்கு யாராவது சம்பளம் தர வேண்டியிருக்கிறதா என்று தன்னிடம் யாரும் கேட்கவில்லை என்கிறார். அந்த ஒரு கேள்வியை ஒரு படிவத்தில் சேர்த்தால் போதும், ஆயிரக்கணக்கானவர்களின் பாக்கி பதிவாகியிருக்கும்.

நம் பக்கச் சட்டம்

ஊர் திரும்பியதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் குடும்பங்கள் நினைக்கின்றன. என் அனுபவத்தில் நிலைமை தலைகீழ். அங்கே இருந்தவரை பயம் இரண்டு பக்கமும் இருந்தது, அதில் தொழிலாளியின் பயமே பெரிது. ஊர் வந்த பிறகு அவரைப் பிடிக்க யாரும் இல்லை. 55பி பிரிவும் பாஸ்போர்ட் சட்டமும் இப்போது முதலாளியின் தலைமேல் மட்டும் தொங்குகின்றன. ஒப்பந்தக் கோரிக்கைக்கு மலேசியாவில் 6 ஆண்டு காலவரம்பு. நேரம் இருக்கிறது.

முதலில் ஏஜென்ட். உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு, கொடுக்கல் வாங்கல் விவகாரம், சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். கொடுக்கல் வாங்கல் இல்லை இது. பதிவில்லாமல் ஆள் சேர்ப்பது குடிபெயர்வுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவை மீறிய குற்றம், 24-ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை. அபராதம் 2,000 ரூபாய் வரைதான், ஓர் ஆளிடம் ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் வாங்குகிறவருக்கு அது ஒரு தொகையே இல்லை. இந்தச் சட்டத்தை யாராவது திறந்து பார்க்கும்போது அந்த எண்ணைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

வழக்கு தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்று 27-ஆம் பிரிவு சொல்கிறது. பல புகார்கள் இங்கேயே நின்றுபோகின்றன. ஆனால் அதே பிரிவின் கீழே ஒரு விதிவிலக்கு இருக்கிறது: பாதிக்கப்பட்டவரே புகார் கொடுத்தாலும், அவர் சார்பில் தாய், தந்தை, மனைவி, கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் கொடுத்தாலும் முன் அனுமதி தேவையில்லை. கணவன் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டிருக்கும்போதே மனைவி இங்கே புகார் தரலாம் என்று அர்த்தம். நான் பேசிய குடும்பங்களில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

ஒரு சிக்கலும் உண்டு. சட்டத்துக்கு மாறாகக் குடிபெயர்ந்தவரையும் அதே 24-ஆம் பிரிவு குற்றவாளி ஆக்குகிறது. ஏஜென்ட் இதை வைத்துத்தான் மிரட்டினார், "கேஸ் போட்டா நீயும்தான்டா உள்ள வருவ" என்று. ஏமாற்றப்பட்டவர் என்பதை முதல் வரியிலேயே மனுவில் நிறுத்தி, குற்றம் நடந்தது 2022 என்பதால் மோசடிக்கான இந்திய தண்டனைச் சட்டம் 420-ஐயும் சேர்த்து, போலீஸ் விசாரிக்க உத்தரவிடக் கேட்டு நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 175(3)-இல் மனு போட்டோம். முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. முன்ஜாமீனுக்குப் போன ஏஜென்ட், நீதிமன்ற நிபந்தனைப்படி 50,000 ரூபாய் கட்டினார்.

இங்கே கொஞ்சம் விலகி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்திய அரசியலமைப்பின் 14, 21 பிரிவுகள் குடிமகனை மட்டும் பேசவில்லை, எந்த மனிதருக்கும் பொருந்துபவை. சக்மா அகதிகள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அதை அழுத்திச் சொன்னது. 1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்களின் ஆசியாட் வழக்கில், வறுமையின் நெருக்கடியில் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்ய வைப்பதே கட்டாய உழைப்புதான் என்று சொன்னது. இவர் ஊரிலிருந்து மலேசியா போன அதே காலத்தில், தஞ்சை, திருவாரூர் வயல்களில் நாற்று நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் குழுவாக வந்து இறங்குகிறார்கள். வரப்பில் அவர்களுக்கு யார் கணக்கு எழுதுகிறார்கள், ஏக்கருக்குப் பேசிய தொகையில் மேஸ்திரி எவ்வளவு எடுக்கிறார் என்று நாம் கேட்டிருக்கிறோமா? 1968 வெண்மணியில் 44 உயிர் கருகிய பிறகுதான் 1969-இல் இந்த மண்ணுக்கு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலி கேட்பது எவ்வளவு ஆபத்தான காரியமாக இருந்தது என்பது டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போது இருக்கும் நிலை

மலேசிய முதலாளிக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நோட்டீஸ் அனுப்பினோம். அங்கே புலம்பெயர் தொழிலாளருக்காக வேலை செய்யும் ஒரு குழுவின் தன்னார்வலருக்கு அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுத்து, அவர் மூலம் தொழிலாளர் துறையில் புகார் தந்தோம். முதலாளியின் முதல் பதில்: அப்படி ஒருவர் என் கடையில் வேலை பார்த்ததே இல்லை. நோட்டீஸில் பாஸ்போர்ட் சட்டத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தோம். அது அவரை உறுத்தியிருக்க வேண்டும். சில வாரத்தில் பாஸ்போர்ட் கூரியரில் வந்தது. உறையின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் அனுப்பியவர் முகவரி என்று கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சாகியிருந்தன. வேலையே பார்க்காத ஆளின் பாஸ்போர்ட் கடைக்கு எப்படிப் போனது? அந்த உறையைக் கிழிக்காமல் ஓரமாகத் திறந்து, பிரித்ததை வீடியோ எடுத்து, சீட்டோடு சேர்த்துக் கோப்பில் வைத்திருக்கிறோம். எங்களிடம் இருக்கும் சான்றுகளில் அதுதான் பலமானது.

அதன் பிறகு முதலாளியின் உறவினர் ஒருவர் பேசினார். 6,000 வெள்ளி தருகிறோம், புகாரைத் திரும்பப் பெறுங்கள் என்றார். வீட்டில் அஞ்சு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது 6,000 வெள்ளி சின்னத் தொகை இல்லை. வாங்கிக்கொள்ளலாம் என்று அவருடைய மாமனார் சொன்னார். அவரும் மனைவியும் இரண்டு நாள் யோசித்துவிட்டு, பாக்கியில் ஒரு பகுதியாகத் தந்தால் வாங்குகிறோம், மீதிக்குப் புகார் இருக்கும் என்று பதில் சொல்லச் சொன்னார்கள். அந்தப் பதிலுக்குப் பிறகு எதிர்ப்பக்கம் மௌனம்.

விசாரணைக்கு அவர் நேரில் வர வேண்டும் என்கிறது தொழிலாளர் அலுவலகம். காலம் தாண்டித் தங்கித் திரும்பியவரை மறுபடி நாட்டுக்குள் விடுவார்களா என்பதே கேள்வி. விட்டாலும் டிக்கெட்டுக்குப் பணம் இல்லை. அதனால் காணொலி வழியாகச் சாட்சியம் அளிக்க அனுமதி கேட்டு மனு அனுப்பியிருக்கிறோம், நோட்டின் எல்லாப் பக்கங்களின் சான்றளித்த நகலும் குரல் பதிவுகளின் எழுத்து வடிவமும் அதோடு இணைத்து. இந்தியாவும் மலேசியாவும் 2024 ஆகஸ்டில் தொழிலாளர்களைச் சேர்ப்பது, வேலைக்கு வைப்பது, திருப்பி அனுப்புவது பற்றி ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. நாடு திரும்பியவர் காணொலியில் சாட்சி சொல்ல ஏற்பாடு வேண்டும் என்று அதைக் காட்டி வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற குறைதீர் இணையதளத்திலும், தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறையிலும் மனு கொடுத்திருக்கிறோம். ஏஜென்ட் மீதான வழக்கில் குற்றப்பத்திரிகை இன்னும் தாக்கலாகவில்லை. நகைக் கடன் கெடு முடிவதற்குள் அந்த 50,000 ரூபாயை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டு அவர் மனைவி பெயரில் போட்ட மனு அடுத்த வாய்தாவில் விசாரணைக்கு வருகிறது.